எலிக்கிளி என்று எழுதப்பட்டவன்

முதல் அநியாயம் லாரி. இரண்டாவது, அவன் உடலை எங்கள் கண்ணில் காட்டாமல் போலீஸ்காரர்கள் எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தது. மூன்றாவது, விசாரணையில் அவன் பெயரை எலிக்கிளி என்று எழுதிக்கொண்டு, நாடோடி, வேண்டியவர் யாரும் இல்லை என்று கோப்பை மூடியது. நான்காவது, சிறையிலிருந்து வந்த நான் அவன் சொந்தப் பெயரைச் சபையில் சொல்ல ஒரு கூட்டம் கேட்டபோது, கூட்டம் தராமல் என்னையே என் சங்கம் வெளியே தள்ளியது. ஐந்தாவது, அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் நினைவுநாள் சுவரொட்டியில் அவனை ‘அடையாளம் தெரியாத தோழர்’ என்று அச்சடித்தது. ஆறாவது இன்றைக்கு நடந்துகொண்டிருக்கிறது. வரிசை மாறக் கூடாது. வரிசை மாறினால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத விபத்துகள் மாதிரித் தெரியும். வரிசையாகச் சொன்னால்தான் எல்லாம் ஒரே கையின் வேலை என்பது புரியும். இதைத்தான் நான் உப்பளத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். சரித்திரம் என்பது வரிசை. இப்போது சாமியானாவின் கீழே முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே சிவப்புத் துணி போர்த்திய தூண். பின்னால் அளம், வெயிலில் கண்ணைக் கூசும் பாத்திகள், அம்பாரம் அம்பாரமாக உப்பு. மேடையில் சங்கத்தின் செயலாளர் ஞானதிரவியம் பேசுகிறான். நல்ல குரல். விஷயம்தான் கிடையாது. காலையில் என்னை வீட்டுக்கு வந்து காரில் ஏற்றினவன் வழியில்தான் மெதுவாகச் சொன்னான்: “பெரியவரே, தூண்ல மூணாவது பேருக்கு இடம் விட்டிருக்கோம். சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. எலிக்கிளிங்கிறது எங்க அப்பாதான்னு சொல்லுதாங்க. அவங்க அப்பா பேர என்கிட்ட சொல்லிட்டாங்க. நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க மைக்ல சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா அப்பவே ஆசாரி செதுக்கிருவாரு. இல்லன்னா அடையாளம் தெரியாதவர்தான். கல்லுல போட்டா அழிக்க முடியாது பாருங்க.” நான் என்ன சொன்னேன்? “என்னையே சோதிக்கியா, வே?” என்றேன். “சோதனை இல்ல, பெரியவரே, நடைமுறை” என்றான். அதுதான் ஆறாவது.

சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த அளத்தில் நான் சொல்லி நடக்காத காரியம் குறைவு. அந்தப் பெயரை என் காதில் போட்டவன் அவன். போட்ட இடம், நின்ற நிலை, வீசின காற்று எல்லாம் நினைவிருக்கிறது. பெயர் அங்கேதான் இருக்கும், எங்கே போகும். காதில் வாங்கின பெயரைச் சபையில்தான் விட வேண்டும் என்பது நாங்கள் வைத்திருந்த கட்டுப்பாடு. கங்காணிகளும் போலீஸ்காரர்களும் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த காலம். எழுத்தில் எதுவும் கிடையாது. சங்கத்தில் சேருகிறவன் தன் சொந்தப் பெயரை ஒரே ஒரு தடவை என் காதில் சொல்வான். அதோடு அந்தப் பெயர் முடிந்தது. அதற்குப் பதில் ஒரு ராஜா பெயரை வாங்கிக்கொண்டு போவான். சபை கூடி அழைத்தால் ஒழிய நான் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. சபை கூடவே இல்லை. அதனால் இத்தனை காலமாக அந்தப் பெயரை நான் வாயால் ஒரு முறைகூட உச்சரித்ததில்லை. தனியாக இருக்கும்போதும் இல்லை. உச்சரிக்காத பெயர் கெட்டுப்போகுமா? உப்பு கெட்டுப்போவதில்லை. இரண்டாவது வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆவுடைத்தாய். பெண் என்ன, அவளுக்கே தலை நரைத்துவிட்டது. கருப்புச் சேலை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். என்னிடம் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்; என்னைப் பார்ப்பதும், பார்த்ததற்குக் குற்றம் செய்ததுபோலத் தூணைப் பார்ப்பதுமாக இருக்கிறாள். நெற்றி அவனுடையது. எலிக்கிளியின் நெற்றி. பார், பெயரைத் தேடினால் எலிக்கிளிதான் முன்னால் வந்து நிற்கிறது. விலகு.

வரிசையாகப் போனால் வந்துவிடும். முதல் ராஜா தியோதோட்டஸ். அது நான். பக்கத்தில் இருந்த பெரிய சாம்ராஜ்யத்தின் ஆளுநராக இருந்துகொண்டே ஒருநாள், இனிமேல் உனக்குக் கப்பம் கிடையாது, இந்த நாடு தனி என்று சொன்னவன். அலெக்சாந்தரோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட கிரேக்கர்களின் ராஜ்யம் அது, பாக்திரியா, ஆயிரம் நகரங்களின் நாடு என்று வெளியூர்க்காரர்கள் வாய்பிளந்து எழுதியது. எங்கே கிரேக்க நாடு, எங்கே பாக்திரியா! நடுவில் எத்தனை பாலைவனம், எத்தனை மலை. அவ்வளவு தூரம் போய் அங்கே நாடக அரங்கு கட்டினார்கள், உடற்பயிற்சிக்கூடம் கட்டினார்கள், திராட்சை போட்டார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கல்லூரி படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். பிரசுரம் படித்துத் தெரியும். மட்டமான தாளில், பின்னட்டை கிழிந்த ஒரு சின்னப் பிரசுரம், சங்கத்துக்கு வந்த பிரசுரக் கட்டோடு எப்படியோ கலந்து வந்தது. கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, நடுவில் பாக்திரியா. நான் எல்லாவற்றையும் ஒரே பசியோடு படித்தேன். தியோதோட்டஸ் என்று சொல்லச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு நாக்கு திரும்புமா? ஒரே வாரத்தில் தோட்டா ஆனேன். இன்றைக்கும் தோட்டா அண்ணாச்சிதான். தெய்வநாயகம் என்றால் தபால்காரருக்கே தெரியாது. இரண்டாவது யூதிடெமஸ். அது அருளப்பன், எந்நேரமும் வாயில் பீடி, ஊதிடு என்றே ஆகிப்போனான். மூன்றாவது டெமெட்ரியஸ், மலை தாண்டித் தெற்கே படை எடுத்தவன், காசில் யானைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு இருப்பான். அது சப்பாணிமுத்து. குரலுக்குத் தகுந்த மாதிரி டமாரம் என்று கூப்பிட்டார்கள். இந்த இருவரும் சிறையில் அடிபட்டுச் செத்தவர்கள். தூணில் முதல் இரண்டு பெயர் அவர்களுடையதுதான். வீட்டார் வந்து உடலை வாங்கிப் போனதால் அவர்களுக்குப் பெயர் மிஞ்சியது. நான்காவது யூக்ரட்டைடிஸ், வெயிலுமுத்து, உக்கிராண்டி. மலைக்குத் தெற்கே மினாந்தர், எங்களோடு உப்பு வாரிய பரதவப் பையன் ஸ்தனிஸ்லாஸ், மீனாண்டி. அவன் கடலுக்குத் திரும்பிப் போனான், கடல் அவனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி எலியோக்ளிஸ். எலியோக்ளிஸ் எலியோக்கிளி ஆகி, எலிக்கிளி ஆகி. சொந்தப் பெயர் வெயிலுமுத்து. இல்லை, வெயிலுமுத்து உக்கிராண்டி. அவன் போன மாசிவரை உயிரோடு இருந்தான், தெரியும் எனக்கு, கொள்ளிக்குப் போனேன். ஏன் இங்கே வந்து நிற்கிறாய் நீ?

பக்கத்து நாற்காலியில் பிச்சம்மாள். அந்தக் காலத்தில் தலைச்சுமையாக உப்பு சுமந்தவள், இப்போது காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்லை. முழங்கையால் இடிக்கிறாள். “என்ன தோட்டா அண்ணாச்சி, வெடிக்குமா, இல்ல நமுத்துப் போச்சா?” “உன் காதுல வெடிச்சாலும் உனக்குக் கேக்காது, போ” என்கிறேன். சிரிக்கிறாள். “அந்தப் பிள்ளையப் பாத்தியளா, எலிக்கிளி மாதிரியே ஒக்காந்திருக்கா, காலை மடக்கி.” எல்லாருக்கும் எலிக்கிளிதான். விசாரணையில் இவளும் போய்ச் சொன்னாள். வேறு என்ன சொல்வாள், அவளுக்குத் தெரிந்தது அதுதான். பெயர் என்ன? எலிக்கிளி. எலியா, கிளியா என்று கேட்டாராம் அந்த அதிகாரி. அறையே சிரித்ததாம். எழுதுகிறவனும் சிரித்துக்கொண்டே எழுதினானாம். ஒரு கிரேக்க ராஜாவின் பெயர், சூரியனின் பெயர், அவர்கள் கையில் எலியும் கிளியும் ஆனது. நான் அந்த நேரத்தில் பாளையங்கோட்டையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்து நின்று சொல்லியிருப்பேன். கூப்பிடவில்லை. ஆனால் ஒன்று. அந்தக் கேலிப்பெயர்தான் இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்தது. தூண் திறப்புச் செய்தியைப் பத்திரிகையில் போட்டபோது ‘எலிக்கிளி என்று அழைக்கப்பட்ட’ என்று ஒரு வரி போட்டார்களாம். அவன் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனபோது பெண்டாட்டியிடம், அங்கே நான் ராஜா தெரியுமா, எலிக்கிளி மகாராஜா என்று சொல்லிச் சிரித்தானாம். அவள் சாகும்வரை மகளிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் யாரோ விரித்த பத்திரிகையில் ஆவுடைத்தாய் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறாள். ஆக, எழுதினவன் சிரித்துக்கொண்டு எழுதினாலும் எழுத்து நின்றிருக்கிறது. அந்த ராஜாக்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். யாரும் அவர்கள் கதையை எழுதவில்லை. மண்ணைத் தோண்டினால் ஒரு காசு கிடைக்கும், காசில் ஒரு முகமும் ஒரு பெயரும் இருக்கும், அதை வைத்துத்தான் இப்படி ஒருவன் இருந்தான் என்றே தெரியும். காசு கிடைக்காதவன் இல்லாதவன்.

ஞானதிரவியம் ஒற்றுமை என்கிறான். தொழிலாளர் ஒற்றுமை. கைதட்டுகிறார்கள். ஒற்றுமையைப் பற்றி என்னிடம் கேட்டிருக்க வேண்டும். யூதிடெமஸைப் பெரிய ராஜா ஒருவன் வந்து முற்றுகை போட்டான், பாக்ட்ரா நகரத்தின் மதிலுக்கு வெளியே. ஒரு வருஷமல்ல, வருஷக்கணக்காக. யூதிடெமஸ் ஆள் அனுப்பிச் சொன்னான்: வடக்கே எல்லையில் நாடோடிப் படை நிற்கிறது, நாம் இரண்டு பேரும் இப்படி அடித்துக்கொண்டால் அவன் வந்து இரண்டு பேரையும் முடித்துவிடுவான். பெரிய ராஜா யோசித்தான், யானைகளை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனான். இதை நான் சங்கத்தில் பாடமாக நடத்தினேன். நன்றாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சங்கத்தை மூன்றாகப் பிளந்தார்கள். என்மேல் வைத்த குற்றச்சாட்டில், கூலிப் பிரச்சினையை விட்டுவிட்டுச் செத்துப்போன கிரேக்க ராஜாக்களைப் பற்றிப் பேசித் தோழர்களின் நேரத்தை வீணடித்தார் என்று ஒரு வாசகம். வீணடித்தேனாம். லாரிக்கு முன்னால் படுத்தது யார்? பாடம் கேட்டவன் படுத்தான். பாடம் நடத்த வேண்டாம் என்றவர்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. பிற்பாடு ஒரு சீனத் தூதன் பாக்திரியாவுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதி வைத்தான்: இங்கே பெரிய ராஜா என்று யாரும் இல்லை, ஊருக்கு ஊர் சின்னச் சின்னத் தலைவர்கள், சந்தை மட்டும் ஜோராக நடக்கிறது. எங்கள் சங்கத்துக்கும் அவனே எழுதியிருக்கலாம். பெயர். பெயரைத் தேடு. கசப்பு பிறகு.

அவன் பெயர் சொன்ன அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம். காய்ந்த பாத்தியில் உட்கார்ந்திருக்கிறோம். தேசப்படம் வாங்க வழியில்லை, அளத்தையே தேசப்படமாக்கினேன். பெரிய அம்பாரம் இந்துகுஷ் மலை. அதிலும் உச்சி வெள்ளைதான், இதிலும் வெள்ளைதான். உப்புநீர் வரும் வாய்க்கால் ஆக்சஸ் ஆறு. இரண்டுக்கும் நடுவில் பாக்திரியா. டீக்கிளாஸைக் கவிழ்த்து வைத்தால் பாக்ட்ரா நகரம். வாய்க்காலுக்கு வடக்கே சொக்தியானா, டமாரத்தின் தூக்குவாளிதான் சமர்கண்ட். கிழக்கே பெர்கானா, பெரிய குதிரைகள். வடக்கே தூரத்தில் கங்காணியின் கொட்டகை. அங்கிருந்துதான் நாடோடிகள் வருவார்கள் என்றேன், எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வாய்க்கால் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை. புதிதாக வந்தவன், கரிசல் காட்டுக்காரன், உப்பு பட்டுப் பட்டுக் காலில் புண். “அண்ணாச்சி, கடைசி ராஜான்னா தோத்த ராஜாதானே?” என்றான். “இல்லவே. அவன் காசுல நீதிமான்னு போட்டிருக்கான். எலியோக்ளிஸ் என்கிற நீதிமான். எலியோஸ்னா கிரேக்கத்துல சூரியன்” என்றேன். அப்போதுதான் சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப எனக்கு அதான் வேணும். நம்ம பேருக்கும் இதுக்கும் ஏழாம் பொருத்தம்” என்றான். எழுந்து வந்து என் காதருகே குனிந்தான். கச்சான் காற்று. உப்புத்தூள் முகத்தில் அடித்தது. அப்பன் பெயரையும் தன் பெயரையும் சொன்னான், சொல்லிவிட்டு அதற்கு ஒரு கேலியும் சொன்னான். ஏழாம் பொருத்தம். ஏன் ஏழாம் பொருத்தம்? சூரியனுக்கும் அவன் பெயருக்கும் என்ன பகை? இருளப்பனா? இல்லை, இருளப்பன் மாட்டுவண்டிக்காரர். நிலா எதாவது? சந்திரன், சோமன், மதியழகன், கிடையாது, கரிசல் காட்டில் யாரும் அப்படி வைக்கவில்லை. பிச்சம்மாள் எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். இவளுக்கு அது தெரியுமா? தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். ராஜாக்களில் மிச்சம் நான் ஒருவன்தான்.

பயமா? பயம் கிடையாது. போலீஸ்காரன் பிரம்பைப் பார்த்தவன் மைக்கைப் பார்த்துப் பயப்படுவேனா. வாய் கொஞ்சம் வறளுகிறது, அவ்வளவுதான், வெயில். ஆனால் ஒருவேளை நான் வேறு பெயரைச் சொன்னால் இந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள். இத்தனை பேர் முன்னால். நான் சொல்வது சட்டம் என்று இவர்கள் இன்றைக்கு வைத்திருக்கிறார்கள். நான் வெயிலுமுத்து என்றால் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ்ஸுக்குப் போக வேண்டியதுதான். யூக்ரட்டைடிஸைக் கொன்றது அவன் சொந்த மகன். கொன்றுவிட்டு ரதத்தை அந்த ரத்தத்தின் மேலேயே ஓட்டினான், உடலைப் புதைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். இதை நான் பாடத்தில் சொன்னபோது எலிக்கிளி கேட்டான், “ரதத்த நிறுத்த ஒரு ஆளுகூடவா குறுக்க வரல, அண்ணாச்சி?” நான் பிரசுரத்தில் அப்படி எதுவும் இல்லை என்றேன். “ஒருத்தன் வந்திருப்பான். எழுதாம விட்டிருப்பாங்க” என்றான். நாங்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது வெளியாட்களை வைத்து வாரின உப்பை ஏற்றிக்கொண்டு முதலாளியின் லாரி வாசலுக்கு வந்தது, நாங்கள் கைகோத்து நின்றோம், லாரி நிற்காது என்று தெரிந்ததும் கை விட்டது, எல்லாருக்கும் விட்டது, அவன் மட்டும் முன்னால் போய்ப் படுத்தான். காலை மடக்கிப் படுத்தான். லாரியிலிருந்து உப்பு சிந்தி அவன்மேல் விழுந்தது. வெள்ளை. அதற்குமேல் சிவப்பு. மலையின் உச்சி. வேண்டாம். பெயர் அங்கே இல்லை, அந்த இடத்தில் அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை, எலிக்கிளி எலிக்கிளி என்றுதான் பிச்சம்மாள் அலறினாள்.

“அடுத்து, நம்ம மூத்த தோழர், தோட்டா அண்ணாச்சி” என்கிறான் ஞானதிரவியம். எழுந்துகொள்கிறேன். கைத்தாங்கலாகப் பிடிக்க வருகிறவனை விலக்குகிறேன். நடக்கிறேன். தூணின் துணியை யாரோ இழுக்கிறார்கள். கருங்கல். மேலே அருளப்பன், அடுத்து சப்பாணிமுத்து, அதற்குக் கீழே மழமழவென்று ஒரு வெற்றிடம். உளியோடு ஆசாரி ஓரமாக நிற்கிறார். ஞானதிரவியம் மைக்கை என் வாய்க்குச் சரியாகத் திருப்பி வைக்கிறான். கல்லில் என் நிழல் விழுந்திருக்கிறது. ஆவுடைத்தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அவளை நான் பார்க்கக் கூடாது, அவள் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டான் என்ற பேச்சு வரக் கூடாது. கல்லையே பார்க்கிறேன். எலியோஸ், சூரியன், ஏழாம் பொருத்தம். எலியோஸ், சூரியன். என் நிழல் கல்லிலிருந்து மறைகிறது. சட்டென்று மறைகிறது. வெளிச்சம் மங்கிச் சாமியானாவே சாம்பல் நிறமாகிறது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு, அளத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்து வானத்தைப் பார்க்கிறார்கள். பிச்சம்மாளின் குரல் கேட்கிறது, காது மந்தமானவர்களின் அந்தப் பெரிய குரல்: “பாழாப்போற மேகம், இன்னும் அள்ளாத உப்பு அவ்வளவும் கிடக்கு!” எல்லாரும் சுளிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் சுளிக்கவில்லை. கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்து வளர்ந்தவள், அவள் அண்ணாந்து பார்க்கும் முகத்தில் எந்தச் சுளிப்பும் இல்லை, மழை பெய்தால் நல்லதுதானே என்ற முகம். கச்சான் காற்று. உப்புத்தூள். காதில் மூச்சு. அப்பன் பேருல வெள்ளம், அண்ணாச்சி, எம் பேருல மேகம், ஊருல குடிக்கத் தண்ணி கிடையாது. இந்த அளத்துல வந்து எம் பேரச் சொன்னா ஒரு பய வேலை தருவானா? அதான் சூரியன் பேரே இருக்கட்டும்.

நான் நிமிர்ந்து நிற்கிறேன். எனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். “சபை கூடியிருக்கா?” என்று மைக்கில் கேட்கிறேன். யாருக்கும் அந்த வழக்கம் ஞாபகம் இல்லை, முழிக்கிறார்கள். பிச்சம்மாள் ஒருத்திதான், கேட்டதோ கேட்கவில்லையோ, “கூடியிருக்கு” என்கிறாள். கல்லில் அந்த வெற்றிடத்தில் விரலை வைக்கிறேன். இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டு, எழுத்து ஏற்கெனவே அங்கே இருப்பதுபோல, ஆவுடைத்தாயும் ஆசாரியும் ஞானதிரவியமும் வந்திருந்த அத்தனை பேரும் கேட்க, உரக்க, நிறுத்தி வாசிக்கிறேன்:

“வெள்ளத்துரை மகன் மேகலிங்கம்.”